‘கம்பேக் ஆல்பம்’: மீள்வரவு என்னும் சொல்லுக்கு ஒரு விளக்கம்

காயத்தால் ஓராண்டு ஆடாமல் இருந்த கிரிக்கெட் வீரர் சதம் அடித்தாலும், நெடுநாள் படமில்லாத நடிகர் திரைக்குத் திரும்பினாலும், நம் செய்தித்தாள்கள் எழுதும் தொடர் ஒன்றுதான்: ‘கம்பேக் கொடுத்தார்’. ஆங்கிலத்தார் கம்பேக்கைச் செய்வார்கள். நாமோ அதைக் கொடுக்கிறோம். பேட்டி கொடுத்தல், பதிலடி கொடுத்தல் என்னும் வரிசையில் இதையும் சேர்த்துக்கொண்டோம் போலும். அந்தப் பதிலடிக்கும் இச்சொல்லுக்கும் உறவு இல்லாமலும் இல்லை. எதிராளி சொன்ன சொல்லுக்கு உடனே திருப்பிச் சொல்லும் சுடுசொல்லையும் ஆங்கிலத்தில் கம்பேக் என்றே வழங்குகிறார்கள்.

இச்சொல்லின் பகுதிகள் எளியவை: ‘வா’, ‘பின்னே’. இரண்டும் சேர்ந்து, விட்டுப்போன இடத்துக்கே திரும்பி வருவதைக் குறிக்கின்றன. இழந்த புகழை மறுபடி பெறுதல் என்னும் பொருள் வேரூன்றியதில் விளையாட்டுக் களத்துக்கு, அதிலும் குத்துச்சண்டை மேடைக்குப் பெரும் பங்குண்டு. 1905-இல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்ற ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ், 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் ஜாக் ஜான்சனை எதிர்க்கத் திரும்பி வந்து, பதினைந்தாவது சுற்றில் வீழ்ந்தார். ‘போனவர் திரும்புவதில்லை’ என்பது அவ்வுலகில் நெடுங்காலம் பழமொழி போலவே வழங்கியது. இசைக்கு வந்தால், எல்விஸ் பிரெஸ்லி 1968 டிசம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் தோன்றிய நிகழ்ச்சியை இன்று எல்லோரும் கம்பேக் நிகழ்ச்சி என்றே குறிப்பிடுகிறார்கள். ஆனால் அது ஒளிபரப்பானபோது அதன் பெயரில் அச்சொல் இல்லை, பின்னால் ஒட்டிக்கொண்டது. ஒரு வரவு மீள்வரவுதானா என்பதை வந்தவர் அறிவிக்க முடியாது, கேட்டவர்கள்தாம் பிறகு சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. கொரிய பாப் உலகில் இச்சொல் இன்னும் தேய்ந்துவிட்டது: ஆறு மாத இடைவெளியில் புதுப்பாடல் வந்தாலும் அங்கே அது கம்பேக்தான்.

‘ஆல்பம்’ என்ற மற்றப் பாதிக்கும் ஒரு கதை உண்டு. இலத்தீனில் ‘ஆல்பஸ்’ என்றால் வெள்ளை. உரோமர் பொது அறிவிப்புகளை எழுதி வைத்த வெண்ணிறப் பலகைக்கு ஆல்பம் என்று பெயர். பிறகு அது கையொப்பங்களும் படங்களும் சேர்க்கும் வெற்றேட்டுக்கு ஆயிற்று. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடம்தான் அடங்கும் என்பதால், நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதிந்து, உறைகளைப் புத்தகம் போலத் தைத்து விற்றார்கள். படம் ஒட்டும் ஏட்டைப் போலவே இருந்த அந்தக் கட்டுக்கு அதே பெயர் வந்தது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டைக் கொண்டுவந்த பின் ஏடு போயிற்று, பெயர் நின்றுவிட்டது.

இனி, இவ்விரு சொற்களும் சேர்ந்து உண்மையிலேயே பொருந்தும் ஓர் இசைத்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். உரிய மதிப்புப் பெறாத ஒரு ராக் குழுவின் தொகுப்பு அது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிறிஸ் ராபின்சன், ரிச் ராபின்சன் என்னும் உடன்பிறந்தோர் உருவாக்கிய ‘தி பிளாக் குரோஸ்’ குழு, 1990-இல் ‘ஷேக் யுவர் மணி மேக்கர்’ என்னும் முதல் தொகுப்பை வெளியிட்டது. அண்ணன் கிறிஸ் பாடகர், தம்பி ரிச் கிதார் கலைஞர். அத்தொகுப்பு அமெரிக்காவில் ஐம்பது இலட்சம் படிகளைத் தாண்டியது. 1992-இல் வந்த இரண்டாம் தொகுப்பு அமெரிக்க இசை விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது. இத்தனை விற்ற குழுவை உரிய மதிப்புப் பெறாதது என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். விற்பனை வேறு, மதிப்பு வேறு. எழுபதுகளின் ஆங்கிலேய ராக் குழுக்களை நகலெடுப்பவர்கள் என்னும் முத்திரை தொடக்கத்திலேயே இவர்கள்மேல் விழுந்தது. தொண்ணூறுகளில் கிரஞ்சு என்னும் கரடுமுரடான ராக் பாணியின் அலை வந்ததும் கேட்பவர் கவனம் வேறு பக்கம் திரும்பிவிட, அதன்பின் இவர்கள் ஆக்கிய நல்ல பாடல்கள் பலவும் முதல் இரண்டு தொகுப்புகளின் நிழலிலேயே நின்றுவிட்டன. நகல் என்ற குற்றச்சாட்டும் பாதிதான் சரி. இவர்கள் இசைக்கு வேரான ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையே ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாங்கிப் பாடி வளர்ந்த மரபு. அதில் யாரிடம் வாங்கினாய் என்பதைவிட வாங்கியதை என்ன செய்தாய் என்பதே கேள்வி.

குழு 2002-இல் ஒருமுறை நின்று, 2005-இல் கூடி, 2009-இல் புதிய பாடல்களைத் தந்து, 2015 சனவரியில் முற்றிலும் உடைந்தது. குழுவின் உரிமைப் பங்கைப் பற்றிய தகராறே காரணம் என்று ரிச் அப்போது வெளிப்படையாகவே அறிவித்தார். அண்ணனும் தம்பியும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. 2019 நவம்பரில் இருவரும் மீண்டும் சேர்ந்து, முதல் தொகுப்பின் முப்பதாம் ஆண்டை ஒட்டி ஒரு சுற்றுப்பயணம் அறிவித்தார்கள். பெருந்தொற்றால் அது 2021-இல்தான் நடந்தது. மேடையில் ஒலித்தது பழைய தொகுப்பு, முதற்பாடல் தொடங்கிக் கடைசிப்பாடல் வரை. இதைக் கம்பேக் என்று எழுதியவர்கள் பலர். என் கணிப்பில் அது கம்பேக் அன்று, மறுகூடல். பிரிந்தவர் கூடினார்கள், பழையதைப் பாடினார்கள், அவ்வளவே. 2024 மார்ச் 15 அன்று ‘ஹேப்பினஸ் பாஸ்டர்ட்ஸ்’ வந்தபோதுதான் அச்சொல்லுக்குத் தகுதி பிறந்தது. பதினைந்து ஆண்டுகளில் இவர்கள் வெளியிட்ட முதல் புதுப்பாடல் தொகுப்பு அது.

பத்தே பாடல்கள். தயாரித்தவர் நாஷ்வில் நகரத்து ஜே ஜாய்ஸ். ‘வான்டிங் அண்ட் வெயிட்டிங்’ பாடலின் முதல் சில நொடிகளே போதும், இது யார் வாசிப்பு என்பது தெரிந்துவிடும். ரிச் பல பாடல்களில் கிதாருக்கு ஒரு தனிச் சுருதி கூட்டுவார்: இடக்கை விரலே படாமல் தந்திகளை மீட்டினாலும் ஜி மேஜர் என்னும் இசைவு (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ‘கார்டு’) முழுதாக ஒலிக்கும். பிறகு ஒன்றிரண்டு விரல்களை வைத்து எடுப்பதிலேயே அந்த இசைவு அசைந்து, விலகி, திரும்ப வந்து அமரும். ப்ளூஸ் வாடையுள்ள ராக் அண்ட் ரோலின் பாதி இரகசியம் இந்தச் சுருதியில் இருக்கிறது. மற்றப் பாதி கிறிஸின் குரல். மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் நேராகத் தொடாமல் சற்றே கீழிருந்து வழுக்கி ஏறும் அந்தப் பழக்கம் அறுபதை நெருங்கும் வயதிலும் கலையவில்லை. கன்ட்ரி இசைப் பாடகி லெய்னி வில்சன் உடன்பாடும் ‘வில்ட்டட் ரோஸ்’ வேகம் தணிந்து நிற்கிறது. எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். இரண்டொன்று பழைய வார்ப்பில் ஊற்றியவைதாம். ஆனால் இளமையை நடித்துக்காட்டும் முயற்சி எங்கும் இல்லை. சிறந்த ராக் தொகுப்புக்கான கிராமி பரிந்துரையும் இதற்குக் கிடைத்தது.

அண்ணன் தம்பி திரும்பியது விட்டுப்போன இடத்துக்கு மட்டும் அன்று. ஒரு பகையிலிருந்து விடுபட்டும் வந்தார்கள். ஆங்கிலச் சொல்லில் இடப்பெயர்ச்சி உண்டு, விடுபடுதல் இல்லை. தமிழ் ‘மீள்’ என்னும் வினையில் இரண்டும் உண்டு. ஊருக்கு மீண்டான் என்றால் திரும்பினான். நோயிலிருந்து மீண்டான், கடனிலிருந்து மீண்டான் என்றால் தப்பினான். திருவாரூரில் சுந்தரர் ஒரு பதிகத்தை ‘மீளா அடிமை’ என்றே தொடங்குகிறார். விடுபடவே முடியாத, விடுபட விரும்பாத ஆட்பட்ட நிலை அது. நாம் நாள்தோறும் சொல்லும் ‘மீண்டும்’ என்பதும் இவ்வினையில் பிறந்ததே. இதன் பிறவினை ‘மீட்டல்’: அடகு வைத்த நகையை மீட்டான். தந்தியை மீட்டினான் என்பது வேறு வினை என்பதை இறந்தகால வடிவமே காட்டிக்கொடுத்துவிடும், என்றாலும் கிதார்க் குழுவைப் பற்றிப் பேசும்போது இந்த ஒலியொற்றுமை செவிக்கு இனிக்கத்தான் செய்கிறது.

‘மறுவருகை’ என்று சிலர் எழுதுகிறார்கள். மறுபதிப்பு, மறுநாள் என்பவற்றில் உள்ளபடி ‘மறு’ என்பது இன்னொரு முறையையும் அடுத்ததையுமே சுட்டுகிறது. சென்ற வாரம் வந்த விருந்தாளி இந்த வாரம் வந்தாலும் மறுவருகைதான். ‘மறுபிரவேசம்’ அரசியல் செய்திக்குப் பொருந்தும், பாட்டுக்குக் கனக்கிறது. தமிழ்நாட்டில் ‘மறு’ ஆளும் பல இடங்களில் இலங்கைத் தமிழில் ‘மீள்’ ஆளுகிறது: நாம் மறுபரிசீலனை என்பதை அவர்கள் மீள்பரிசீலனை என்பார்கள், மீள்குடியேற்றம், மீள்பார்வை என்பனவும் அங்கே இயல்பான வழக்கு. அந்த வழக்கை ஒட்டி ‘மீள்வரவு’ என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். வருகை என்றால் வருகைப்பதிவேடு நினைவுக்கு வருகிறது. வரவு என்றால் நல்வரவும், கடைவாசலில் எழுதும் புதுவரவும். புதுவரவுக்கு இணையாக மீள்வரவு என்பது காதுக்கும் அந்நியமாக இல்லை.

ஆல்பத்துக்கு இசைத்தொகுப்பு என்பது வழக்கில் வந்துவிட்டது. ஒரே இடர்: பழைய வெற்றிப் பாடல்களைத் திரட்டி விற்பதும் தொகுப்பே. பாடல்தொகுதி எனலாம் என்றால் தேர்தல் குறுக்கே நிற்கிறது. எனவே ‘மீள்வரவு இசைத்தொகுப்பு’ என்றே முழுதாக எழுதுவது நல்லது. முன்னொட்டே அது புதுப்பாடல் தொகுப்பு என்பதை உணர்த்திவிடும். வினையாக எழுத நேரும்போது ‘மீள்வரவு கொடுத்தது’ என்று எழுதி, பழைய ‘கொடு’வை மறுபடி இழுத்து வர வேண்டியதில்லை. ‘பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் புதுப்பாடல்களோடு குழு மீண்டு வந்திருக்கிறது’ என்றால் போதும்.