விபத்து நடந்த இடத்தில் வண்டியை எங்கே நிறுத்துவது?

பதினொரு வருடமாக ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறேன். நான்குவழிச் சாலை விபத்துகளில் ரத்தத்தைப் பார்த்து எனக்குப் பயம் வருவதில்லை. உதவிக்கு வந்த வண்டிகள் நிற்கிற விதத்தைப் பார்த்தால்தான் பயம்.

சில வருடங்களுக்கு முன், அதிகாலை இரண்டரை மணி. பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நின்ற லாரியில் ஒரு வேன் மோதியிருந்தது. முதலில் போய்ச் சேர்ந்தது நாங்கள். பைலட் (ஆம்புலன்ஸ் டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) வண்டியை வேனுக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தினார். நானும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி ஓடினேன். வேன் டிரைவரின் கால் டேஷ்போர்டுக்கு அடியில் சிக்கியிருந்தது. தீயணைப்புத் துறையினர் வந்து, நசுங்கிய தகட்டை விரித்து, அவரை எடுத்துக் கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரோடு திரும்பினால் எங்கள் வண்டி நகர வழியில்லை. முன்னால் வேன், பின்னால் தீயணைப்பு வண்டி, வலது பக்கம் கிரேன். கிரேன் டிரைவர் கூட்டத்துக்குள் எங்கோ நின்றிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து வண்டியை எடுக்க வைக்க ஏழு நிமிடம் ஆனது.

தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டர் ரத்தம் போய்விடும். அந்த ஏழு நிமிடமும் அவர் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். தப்பு எங்களுடையதுதான். முதலில் போன நாங்கள் நிறுத்தியதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வண்டி விபத்தைத் தாண்டி, போகும் திசையைப் பார்த்து நிற்கும். பின்னால் சுவராக நிற்க வேண்டியது தீயணைப்பு வண்டி மாதிரியான கனமான வண்டி. அதுவும் சற்றுச் சாய்வாக. ரோந்து வண்டி இன்னும் வெகுதூரம் பின்னால், கூம்புகளோடு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கிறது. டிரைவர் பார்த்துப் பிரேக்கில் கால் வைப்பதற்குள் 40, 50 மீட்டர் போய்விடும். பத்தடி தள்ளி ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டுவிட்டு பாதுகாப்பு செய்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். நிற்கிற வண்டிகளின் ஹெட்லைட்டையும் அணைத்துவிட வேண்டும். அது எதிரே வருபவர் கண்ணைக் கூசவைத்து, ரோட்டில் நிற்கும் ஆளையே மறைத்துவிடும்.

அடுத்த சிக்கல், யார் சொல்வதை யார் கேட்பது. பேரிடர்களுக்காக தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-லேயே ஒரு வழிகாட்டுமுறை தந்திருக்கிறது. யார் தலைமை, யாருக்கு என்ன வேலை என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. மூன்று பேர் அடிபட்ட வேன் விபத்துக்கு அதையெல்லாம் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் ஒரு நிமிடப் பேச்சு போதும். போக்குவரத்தைப் பார்ப்பது போலீஸ் பொறுப்பு, வண்டியை வெட்டுவது தீயணைப்பு நிலைய அலுவலர் பொறுப்பு, ஆளை எப்போது, எப்படி எடுப்பது என்பது மருத்துவ உதவியாளர் பேச்சு. மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்று இதைச் சொல்லிக்கொண்டால் பாதிக் குழப்பம் அடங்கிவிடும். கிரேன் கடைசியில் வந்தால் போதும்.

நிறையப் பேர் அடிபட்ட இடத்தில் யார் அதிகம் கத்துகிறாரோ அவரிடம்தான் கால் தானாகப் போகும். போகக் கூடாது. நான் முதலில் குரல் கொடுப்பது, “நடக்க முடிந்தவங்க எல்லாம் அந்த போர்டுக்குக் கீழே வாங்க” என்றுதான். எழுந்து வந்தவர்கள் காத்திருக்கலாம். சத்தமே இல்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும். அப்புறம், எத்தனை பேர், எத்தனை ஆம்புலன்ஸ் வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். எல்லாரையும் ஒரே மருத்துவமனையில் கொண்டுபோய்க் குவித்தால், அந்த ராத்திரியில் இருக்கிற ஒரு டாக்டர் என்ன செய்வார்? 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் உண்டு. அதனால் பிரித்து அனுப்பத் தயங்க வேண்டியதில்லை.

சாலையில் போகிறவர்களுக்கு ஒன்று. 108-ல் பேசும்போது ஊர்ப் பெயரோடு, எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள்: சென்னை போகிற பக்கமா, திருச்சி போகிற பக்கமா? நடுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆள் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, திரும்ப இடைவெளி தேடிப் பல கிலோமீட்டர் ஓடியிருக்கிறோம். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் படித்துச் சொல்லுங்கள். தீயோ, வேறு ஆபத்தோ இல்லையென்றால் உள்ளே இருப்பவரைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயமும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவுகிறவரைக் காக்கிறது. விருப்பமில்லாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு லாரி விபத்து. நாங்கள் இறங்கும்போதே, பின்னால் வந்த கிரேன் டிரைவர் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து கேட்டார்: “தம்பி, வண்டிய எங்க போடட்டும்?”