வெளிநாட்டுக்குக் கிளம்பும் போனை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்

பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூர், துபாய் கிளம்பும் வண்ணாரப்பேட்டைப் பெற்றோரும், சரக்கு எடுக்க சீனாவின் குவாங்சோ போகும் மண்ணடி வியாபாரிகளும் போன் கடையில் முதலில் கேட்பது, "எந்த ரோமிங் பேக் சார் கம்மி?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: அங்கே போன பிறகு பேங்க் ஓடிபி வருமா? பேக் தீர்ந்தால் அங்கிருந்தே போட்டுக்கொள்ளலாம். ஓடிபி வராவிட்டால் கார்டில் ஆன்லைனாகப் பணம் கட்டுவது பெரும்பாலும் முடியாது. அந்த பேக்கைக்கூட வாங்க முடியாது.

ஓடிபி வருவது நம்ம ஊர் சிம்முக்கு. அதைக் கழற்றிப் பர்ஸில் வைக்காதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஆப்பிலோ கஸ்டமர் கேரிலோ இன்டர்நேஷனல் ரோமிங்கை (நம்ம சிம் வெளிநாட்டு நெட்வொர்க்கில் ஓடும் வசதி) ஆன் செய்துவிடுங்கள். ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு இல்லை; வரும் காலை எடுத்துப் பேசினால் உண்டு. மாதக்கணக்கில் தங்குபவர்கள் வேலிடிட்டியையும் பார்க்க வேண்டும். 28 நாள் ரீசார்ஜ் அங்கே இருக்கும்போதே முடியும்; பிறகு எஸ்எம்எஸ்ஸும் நின்றுபோகும். 90 நாள் பயன்பாடே இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் எண்ணையே ரத்து செய்ய, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியில் இடம் இருக்கிறது. தங்கும் காலத்தைக் கணக்குப் போட்டு 84 நாள் அல்லது 365 நாள் பேக் போட்டுவிட்டுப் போங்கள்.

யுபிஐ ஆப்புகளும் அந்த சிம்மோடு கட்டப்பட்டவைதான். புதிதாகப் பதிவு செய்யும்போது சிம் இந்த போனில்தான் இருக்கிறதா என்று பார்க்க, ஆப் தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். வெளிநாட்டிலிருந்து அது பல நேரம் போய்ச் சேராது. போன் மாற்றுவது, ரீசெட் அடிப்பது, ஆப்பை அழித்துத் திரும்பப் போடுவது எதுவானாலும் இங்கேயே முடித்துவிடுங்கள்.

டேட்டாவுக்கு இ-சிம் (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) நல்ல வழி. ஆனால் பர்மா பஜாரில் வாங்கிய வெளிநாட்டு ஐபோன் என்றால் முதலில் சோதித்துப் பாருங்கள். சீனச் சந்தைக்குச் செய்த ஐபோன்கள் பலவற்றில் இரண்டு சிம் கார்டு போட இடம் இருக்கும், இ-சிம் இருக்காது. அமெரிக்க ஐபோன்களில் 14 வரிசையிலிருந்து சிம் தட்டே கிடையாது. இன்னொரு சிக்கல் லாக், அதாவது ஒரே நிறுவனத்தின் சிம்மோடு போனைப் பூட்டி வைப்பது. செட்டிங்ஸில் ஜெனரல், அதில் அபௌட் போய்க் கீழே இறக்கினால் 'கேரியர் லாக்' என்ற வரி வரும். அதற்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் எந்த நாட்டு சிம்மும் ஓடும். ஆண்ட்ராய்டில் *#06# அடித்து, இ-சிம்முக்கான இஐடி எண் காட்டுகிறதா என்று பாருங்கள்.

இ-சிம்மை இன்ஸ்டால் செய்ய இன்டர்நெட் வேண்டும். அங்கே இறங்கிய பிறகு செய்து கொள்ளலாம் என்று விட்டவர்கள் ஏர்போர்ட் வைஃபையைத் தேடி அலைய நேரிடும். இ-சிம் வாங்கும்போது வரும் கியூஆர் கோடை இன்னொரு போனில் திறந்தோ பிரின்ட் எடுத்தோ, வீட்டு வைஃபையில் ஸ்கேன் செய்யுங்கள். பெரும்பாலும் அது ஒரே முறைதான் வேலை செய்யும். போட்ட இ-சிம்மைத் திரும்பி வரும்வரை டெலீட் செய்யாதீர்கள். சிலவற்றில் இன்ஸ்டால் செய்த உடனேயே நாள் ஓட ஆரம்பிக்கும், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் 'எண்ணை மாற்றவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய எண்ணிலேயே ஓடும்.

காசு எங்கே கசிகிறது என்றால், இங்கேதான். டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்வு செய்திருப்பார்கள். ஆனால் இ-சிம் சிக்னல் குறைந்தால் இன்னொரு சிம்முக்குத் தானாகத் தாவும் வசதி ஆனிலேயே இருக்கும். பேக் போடாத இந்திய சிம்மில் டேட்டா ஓடும், போட்டோ பேக்கப்பும் சேர்ந்து ஓடும். அந்த டேட்டா ஸ்விட்சிங்கை ஆஃப் செய்யுங்கள். இந்திய சிம்மின் டேட்டா ரோமிங்கையும் ஆஃப் செய்யுங்கள். கால், எஸ்எம்எஸ்ஸுக்கு அது பொதுவாகத் தேவையில்லை.

அப்பா அம்மாவின் பட்டன் போனை நம்பி அனுப்பாதீர்கள். சிங்கப்பூரில் 2ஜி 2017-லும், 3ஜி 2024-லும் நின்றுவிட்டன. வோல்டி (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) உள்ள 4ஜி போன் இல்லாமல் அங்கே பேசவே முடியாது.

சீனா போகும் வியாபாரிகளுக்கு: அங்குள்ள சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் வாட்ஸ்அப், ஜிமெயில் திறக்காது. இந்திய சிம்மின் ரோமிங் டேட்டா பொதுவாக நம் நாட்டு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி வருவதால் அதில் திறக்கும். அங்கே போகிறவர்கள் மட்டும் ரோமிங் பேக்குக்குக் காசு பார்க்காமல் போட்டு, இந்திய சிம்மின் டேட்டா ரோமிங்கை ஆனிலேயே வையுங்கள். துபாயில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் போகாது. அதற்காக விபிஎன் (இருக்கும் இடத்தை மறைத்து இன்டர்நெட்டைச் சுற்றிவிடும் ஆப்) போட்டுக் குறுக்கு வழி தேடாதீர்கள்; அமீரகச் சட்டத்தில் அதைத் தவறாகப் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹமில் ஆரம்பிக்கிறது.

துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பலில் போகிறவர்கள் கரை மறைவதற்குள் ஏரோப்ளேன் மோடு போடுங்கள். கப்பலுக்குள் இருக்கும் சேட்டிலைட் நெட்வொர்க்கை போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது.

கடைசியாக கால் ஃபார்வர்டிங். 'எடுக்காவிட்டால் வேறு எண்ணுக்குப் போ' என்று வைத்திருந்தால், சென்னையிலிருந்து வரும் கால் சிங்கப்பூர் வரை போய், நீங்கள் எடுக்காததால் மறுபடி இங்கே திரும்பும். போனதற்கும் வந்ததற்கும் சேர்த்துக் கட்டணம் உங்கள் கணக்கில் விழும். ஏர்போர்ட் போவதற்கு முன்பே ##002# டயல் செய்தால் எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகிவிடும்.