'ஏ' படிவத்தோடு நின்றுவிடாதீர்கள்

வன உரிமைச் சட்டம், 2006 என்றாலே மலைக்கிராமங்களில் 'காட்டு நிலத்துக்குப் பட்டா தருகிற சட்டம்' என்றுதான் பேச்சு. வீட்டுக்கு வீடு 'ஏ' படிவம் நிரப்புகிறார்கள். அது தனி ஆள் உழுகிற நிலத்துக்கானது. ஊரே புழங்கும் காட்டுக்கு உரிமை கேட்கும் 'சி' படிவத்தை யாரும் தேடுவதில்லை. காட்டைக் காக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு கிராம சபைக்குத் தருகிறது. ஆனால் எது வரை ஊர்க்காடு என்று எழுத்தில் இல்லாதபோது, மரம் ஏற்ற வரும் லாரியை மறிக்க எந்தக் காகிதத்தைக் காட்டுவது?

தனிப்பட்டா ஆசையைத் தரகர்களும் ஊதிவிடுகிறார்கள். 'இப்போது வெட்டித் திருத்திப் போடு, பிறகு பட்டா வந்துவிடும்' என்பது கலப்படமில்லாத பொய். 13.12.2005-க்கு முன்பே அனுபவத்தில் இருந்த நிலத்துக்குத்தான் உரிமை. அதுவும் 4 ஹெக்டேர், ஏறக்குறைய 10 ஏக்கர் வரை. பழங்குடி அல்லாதோர் அந்தத் தேதிக்கு முந்தைய 75 ஆண்டு காடு சார்ந்த வாழ்வையும் காட்ட வேண்டும். கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. வாங்குபவர் கொடுத்த பணம் போனதுதான்.

'சி' படிவத்தில் சறுக்குவது பெரும்பாலும் எல்லையில். ஓடை, பாறை, கோயில் மரம் என்று வாயால் சொல்வதை வரைபடத்தில் ஏற்றுங்கள். பெரியவர்களோடு எல்லை நடந்து, திருப்பங்களில் ஜிபிஎஸ் புள்ளி எடுப்பது நல்லது. பக்கத்து ஊரின் எல்லை மேலே விழுந்தால் இரு ஊர் கிராம சபைகளும் தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழுக்கள் கூடிப் பேசி முடிவை எழுத வேண்டும். குறைந்தது இரண்டு சான்று தேவை: மேய்ச்சல் தடம், தேன் எடுக்கும் பாறை, சுடுகாடு, சாமி இடம், பெரியவர் வாக்குமூலம், பழைய அரசு ஆவணம். முன்பு வனத்துறை போட்ட அபராத ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். அன்று தண்டனை, இன்று சான்று.

கிராம சபையில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கையெழுத்துத் தாள் குறைந்தால் தீர்மானமே ஆட்டம் காணும்.

கள ஆய்வுக்கு வனத்துறை, வருவாய்த் துறை அலுவலர்களை எழுத்துமூலம் அழைத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வராமல் இருந்துவிட்டுப் பிறகு 'நாங்கள் பார்க்கவில்லை' என்றால் மறு ஆய்வு வைக்க வேண்டும். அதற்கும் வராவிட்டால் கள ஆய்வைப் பற்றிய கிராம சபை முடிவே இறுதி. 2012 திருத்த விதிகளில் இது இருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேக்கா என்ற கோண்டு ஊர் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு இப்படி உரிமை பெற்றது. 2011 முதல் அங்கே மூங்கில் வண்டிக்கான அனுமதிச் சீட்டைக் கிராம சபையே கொடுக்கிறது.

மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிராம சபைத் தீர்மானத்தைப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழுவின் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவுக்குப் போக 60 நாள்தான். கடிதம் கைக்கு வந்த அன்றே தேதியை அதன் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.