கெர்பரோஸ் என்எஃப்எஸ்: ஹோஸ்ட்நேம் வேறு, டொமைன் வேறு, ரெல்ம் வேறு

கெர்பரோஸ் (டிக்கெட் மூலம் அடையாளத்தை உறுதிசெய்யும் முறை) போட்ட என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) மவுண்டில் 'ஆக்சஸ் டினைடு' வந்ததும் பலர் நேராக எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலைத் (எதை யாருக்குப் பகிர்வது என்ற சர்வர் பட்டியல்) திருத்தப் போகிறார்கள். பெயர்களை முதலில் பாருங்கள். ஸ்டோர்1.எக்ஸாம்பிள்.காம் என்பது ஹோஸ்ட்நேம். எக்ஸாம்பிள்.காம் டிஎன்எஸ் டொமைன். அதையே முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதி ரெல்மாக (ஒரு கெர்பரோஸ் அமைப்பின் எல்லைக்கான பெயர்) வைப்பது வழக்கம், கட்டாயமில்லை. டிஎன்எஸ்ஸுக்குப் பெரிய, சிறிய எழுத்து பேதம் கிடையாது, ரெல்முக்கு உண்டு. ஓரெழுத்து மாறினாலும் அது வேறு ரெல்ம்தான்.

கிளையன்ட் கேடிசியிடம் (டிக்கெட் வழங்கும் கெர்பரோஸ் சர்வர்) கேட்பது 'என்எஃப்எஸ்/ஹோஸ்ட்நேம்@ரெல்ம்' என்ற பிரின்சிபலுக்கான (கெர்பரோஸ் அடையாளப் பெயர்) டிக்கெட். இதில் வரும் ஹோஸ்ட்நேம் நீங்கள் மவுண்ட் கமாண்டில் அடித்த பெயராகவே இருக்கும் என்று நம்பாதீர்கள். ரிவர்ஸ் லுக்கப் (ஐபி முகவரியை வைத்துப் பெயரைத் தேடுவது) நடந்தால், அந்த முகவரிக்கு டிஎன்எஸ்ஸின் பிடிஆர் ரெக்கார்டில் உள்ள பெயரே போகும். அது பழைய பெயராக இருந்தால், கேடிசி லாகில் 'சர்வர் நாட் ஃபவுண்ட் இன் கெர்பரோஸ் டேட்டாபேஸ்' என்று விழும். சர்வரில் 'ஹோஸ்ட்நேம் -எஃப்' குட்டைப் பெயரைக் காட்டினால் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறங்கள். முழுப் பெயர் அந்த வரியில் முதலில் வர வேண்டும். ரெல்மைத் தீர்மானிப்பது கெர்பரோஸ் கான்ஃபிகில் உள்ள 'டொமைன்_ரெல்ம்' பகுதி. அங்கே டொமைனுக்கு முன்னால் புள்ளி வைத்தால் அதன் கீழுள்ள எல்லா மெஷினும் சேரும்.

பெயர் சரியாக இருந்தும் மவுண்ட் ஆகவில்லையா? சர்வரில் 'கேலிஸ்ட் -கே' கொடுத்து கீடேபில் (சர்வரின் சாவிகள் இருக்கும் ஃபைல்) உள்ள கீ வெர்ஷன் எண்ணைப் பாருங்கள். கிளையன்டில் 'கேவிஎன்ஓ' கமாண்ட் காட்டும் எண்ணும் அதுவாக இருக்க வேண்டும். எம்ஐடி கெர்பரோஸில் 'கேடிஆட்' (சாவியைக் கீடேபில் சேர்க்கும் கமாண்ட்) ஓட்டினால் இயல்பாகவே சாவி புதிதாகிவிடும், பழைய கீடேப் செல்லாது. கடிகார வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது தெரிந்ததுதான்.

மவுண்ட் ஆகிவிட்டது, ஆனால் எல்லா ஃபைலுக்கும் ஓனர் 'நோபடி' என்றால் விஷயம் வேறு. என்எஃப்எஸ்வி4-க்கு ஐடி மேப்பிங் (யூசர் பெயரை ஐடி எண்ணோடு பொருத்துவது) டொமைன் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் ஐடிமேப்டி கான்ஃபிகில் 'டொமைன்' ஒன்றாக இருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் அந்தந்த மெஷினின் டிஎன்எஸ் டொமைனையே எடுத்துக்கொள்ளும். சப்டொமைன்கள் வெவ்வேறானால் கதை கந்தல். திருத்திய பிறகு 'என்எஃப்எஸ்ஐடிமேப் -சி' கொடுத்துப் பழைய கேஷைத் துடையுங்கள்.

ஓனர் 'நோபடி' என்று தெரிந்தும் எழுத முடிகிறதென்றால் இந்த டொமைன் பொருத்தம்தான் கோளாறு. எழுதவும் முடியவில்லையென்றால், சர்வரின் ஐடிமேப்டி கான்ஃபிகில் 'லோக்கல்-ரெல்ம்ஸ்' வரியில் உங்கள் ரெல்ம் இருக்கிறதா பாருங்கள். ரெல்மும் டொமைனும் வெவ்வேறு பெயராக உள்ள இடங்களில் இதுதான் விட்டுப்போகும்.