மணல் எங்கே கடிக்கும்?

இமாச்சலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்று நீரில் ஓடுகிறது நாத்பா ஜாக்ரி மின்நிலையம். தலா 250 மெகாவாட் வீதம் ஆறு டர்பைன்கள். மழைக்காலத்தில் ஆறு வண்டலைச் சுமந்துகொண்டு வரும், அதில் குவார்ட்ஸ் என்ற கனிமம் நிறைய. குவார்ட்ஸ் டர்பைன் எஃகைவிடக் கடினமானது. 0.2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள்களைப் படியவைக்க நிலத்தடியில் பிரம்மாண்டமான தொட்டிகள் வெட்டியிருக்கிறார்கள். அதைவிடப் பொடியானது தப்பிவிடும். தண்ணீர் சுமார் 428 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. தடையில்லாமல் பாய்ந்தால் விநாடிக்கு 90 மீட்டர் வேகம். டர்பைனுக்குள் அவ்வளவு வேகம் வராது என்றாலும், வருவதே போதும், இரும்பு இதழின் ஓரத்தை எலி கொறித்த மாதிரி ஆக்குவதற்கு.

எந்த ஓரம் முதலில் போகும் என்பதை டர்பைன் செய்வதற்கு முன்பே கணினியில் பார்க்க முடியுமா? ஓரளவு முடியும்.

ஆசாரி உளி பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். சாய்த்துத் தள்ளினால் சீவல் சுருண்டு வரும், செங்குத்தாக அடித்தால் பள்ளம்தான் விழும். எஃகில் மணலும் அப்படித்தான். 20, 30 டிகிரி சாய்வில் மோதும் துகள்தான் அதிகம் சீவி எடுக்கிறது. கண்ணாடி இதற்கு நேரெதிர், நேராக அடித்தால்தான் நொறுங்கும். ஆய்வாளர் இயன் ஃபின்னி 1960-இல் இந்தச் சீவலைச் சமன்பாடாக்கினார். அதன்படி 90 டிகிரியில் தேய்மானம் பூஜ்யம். உண்மையில் அப்படி இல்லை. தொடர்ந்து அடிபட்ட உலோகம் களைத்து உதிரும். 1963-இல் பிட்டர் என்ற இன்னோர் ஆய்வாளர் அந்தப் பகுதியையும் சேர்த்தார்.

இன்று புழங்கும் சூத்திரங்கள் பலவும் ஒரே குடும்பம்: ஒரு மாறிலி, வேகத்தின் ஏதோ ஓர் அடுக்கு, கோணத்துக்கு ஒரு சார்பு. எஃகுக்கு அந்த அடுக்கு 2.5-ஐ ஒட்டி இருக்கும். வேகம் இரட்டித்தால் தேய்மானம் ஐந்தரை மடங்குக்கு மேல்.

சிமுலேஷனில் முதலில் தண்ணீரின் ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். அப்புறம் ஆயிரக்கணக்கில் துகள்களை உள்ளே விட்டு, ஒவ்வொன்றின் பாதையையும் பின்தொடர்வார்கள். சுவர் சிறுசிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். துகள் எந்தக் கட்டத்தில், எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் மோதியது என்று குறித்துக்கொண்டு, சூத்திரம் சொல்லும் தேய்மானத்தை அந்தக் கட்டத்தின் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். மோதிய துகள் கொஞ்சம் வேகத்தை இழந்து எகிறி, அடுத்த இடத்தைத் தேடிப் போகும்.

குழாய் திரும்பும் வளைவுத் துண்டு (எல்போ) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எரிவாயு ஓடினால் மணல் வளைவில் திரும்ப முடியாமல் நேரே போய் வெளிச்சுவரில் அறையும். அதே மணல் தண்ணீரில் வந்தால் பெரும்பாலும் ஓட்டத்தோடு வளைந்து போய்விடும். திரவத்தின் இழுப்புக்குத் துகள் எவ்வளவு சீக்கிரம் இணங்கும் என்பதை ஸ்டோக்ஸ் எண் சொல்லும்.

சிக்கல் பொடித் துகள்களில்தான். கணினி நிரலுக்குத் துகள் என்பது பருமன் இல்லாத ஒரு புள்ளி. சுவரோரக் கொந்தளிப்பில் மாட்டிக்கொண்டால் அந்தப் புள்ளி அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும். நிரலும் சளைக்காமல் ஒவ்வொரு தட்டலையும் கூட்டிக்கொண்டே போகும். கணினி வரையும் படத்தில் அந்த இடம் அதிகம் தேய்வதாகச் சிவப்பில் தெரியும். நிஜ இரும்பு பளபளவென்று இருக்கும். இன்னொன்று, தேய்ந்த பரப்பு ஓட்டத்தையே மாற்றும். பெரும்பாலான கணக்குகள் முதல் நாள் வடிவத்தோடேயே நின்றுவிடுகின்றன.

மாறிலியும் அப்படியொன்றும் நம்பகமானதல்ல. ஆய்வகத்தில் ஒரு தகட்டின் மேல் மணலைப் பீய்ச்சி, முன்னும் பின்னும் எடை போட்டு எடுத்த எண் அது. அந்த மணல் வேறு, இமயமலையின் கூர்முனை மணல் வேறு. அதனால் 'வருடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர்' என்று வரும் அறிக்கையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன். ஆனால் ஒரே மணலில், ஒரே உலோகத்தில் இரண்டு இதழ் வடிவங்களை ஒப்பிட்டால் அந்த மாறிலி இருபுறமும் அடிபட்டுப் போகும். மோதும் வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்த வடிவம் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தேய்மானத்தை மிச்சப்படுத்தும் என்பதை அப்போது தைரியமாகச் சொல்லலாம். தேய்மானத்தைத் தாங்கும் டங்ஸ்டன் கார்பைடு பூச்சை எந்த ஓரத்தில் பூசுவது என்பதையும்.