ஆம்ப்ளிஃபயருக்கு அடைப்பு வேண்டாம், கூடு போதும்

வீட்டில் கட்டிப் பார்க்க வாங்கிய ஆம்ப்ளிஃபயர் கிட் ஒன்றில் தமிழிலும் செய்முறைத் தாள் இருந்தது. ஆசையோடு பிரித்தேன். "உலோக இணைப்பை எர்த்துடன் இணைக்கவும்" என்றது. எந்த இணைப்பை? போர்டில் இருப்பதெல்லாம் இணைப்புதானே! ஆங்கிலத் தாளைப் பார்த்த பிறகுதான் அது என்க்ளோஷர் என்று தெரிந்தது. அலுவலகக் கடிதத்தின் அடியில் "இணைப்பு: 2" என்று போடுவோமே, அதைக் கொண்டுவந்து மின்சுற்றின் பெட்டிக்கு ஒட்டியிருக்கிறார்கள்.

மூடுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்க்ளோஷர். கடிதத்தோடு வைத்த தாள், வேலியிட்ட நிலம், புலியை விட்டிருக்கும் இடம், மின்சுற்றை வைக்கும் பெட்டி எல்லாமே அதற்குள் அடங்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே வேண்டுமா என்ன?

'இணைப்பு' வெறும் பிழை, திருத்திவிடலாம். எனக்குப் பெரிய மனக்குறை 'அடைப்பு' மேல்தான். படித்தவர்களே அதை என்க்ளோஷருக்குக் கலைச்சொல்லாக எழுதுகிறார்கள். மாட்டைப் பட்டியில் அடைக்கிறோம், அடைப்புக்குறி என்கிறோம், ஆகவே பொருந்தும் என்பது அவர்கள் வாதம். வேர் சரிதான். ஆனால் 'அடைப்பு' என்று தனியே சொன்னால் தமிழன் காதில் விழுவது சாக்கடை அடைப்பும் இதய அடைப்பும். "காற்றோட்ட அடைப்பு" என்று எழுதிப் பாருங்கள். சூடு வெளியேறத் துளைகள் விட்ட பெட்டி என்று யாருக்குத் தோன்றும்? காற்று போகும் வழி அடைத்துக்கொண்டது என்றுதான் படிப்பார்கள். "அடைப்பில் 8 மில்லிமீட்டர் துளையிடவும்" என்றால் குழாய் வேலைக்காரரைத்தான் கூப்பிடத் தோன்றும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சில்லான எல்எம்317 ரெகுலேட்டரின் உலோக முதுகு அதன் அவுட்புட் காலோடு சேர்ந்தது. நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு வைக்காமல், திருகுக்குக் காப்பு வளையம் போடாமல், எர்த் செய்த உலோகப் பெட்டியில் முடுக்கினால் அவுட்புட் ஷார்ட் ஆகிவிடும். "பெட்டியில் படக்கூடாது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "இணைப்பில் படக்கூடாது" என்று எழுதினால், புதிதாகக் கட்டும் பையன் என்னதான் செய்வான்?

சிலர் 'உறை' என்கிறார்கள். தலையணை உறை, கையுறை, வாளுறை எல்லாம் உள்ளே இருப்பதன் வடிவத்தைப் பிடித்து நிற்பவை. செல்போனின் மேல் மாட்டும் கவருக்கு அது அழகாகப் பொருந்தும். நான்கு மூலையிலும் திருகு போட்ட ஏபிஎஸ் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பொருந்தாது.

சரி, 'பெட்டி' போதாதா? பெரும்பாலும் போதும். ரேடியோப் பெட்டி, ஸ்பீக்கர் பெட்டி என்று காலங்காலமாகச் சொல்கிறோம். சுருதிப்பெட்டி எலக்ட்ரானிக் ஆன பிறகும் பெட்டியாகவே இருக்கிறது. ஆனால் சுருதிப்பெட்டி என்றால் உள்ளே இருக்கும் சுற்றும் சேர்ந்த முழுக் கருவி. சுற்று இல்லாத வெறும் மேல் ஓடு, அதை மட்டும் பிரித்துச் சொல்ல ஒரு சொல் வேண்டும். அதற்குத்தான் கூடு.

நத்தைக்கூடு, பட்டுக்கூடு என்று உயிர் உள்ளே இருக்க, சுற்றிக் காப்பதற்கெல்லாம் நம்மிடம் இந்தச் சொல் இருக்கிறது. உயிர் போனால் உடம்பையே கூடு என்கிறோம். பட்டுப்புழு தன்னைச் சுற்றித் தானே கட்டிக்கொள்கிறது. சோப்பு டப்பாவிலும் பழைய டிபன் பாக்ஸிலும் சுற்றை வைத்து, சூட்டுக்கோலால் துளை போட்டுக் கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. தூசும் தண்ணீர்ப் பீச்சலும் தாங்கும் ஐபி65 தரப் பெட்டியை 'நீர்காப்புக் கூடு' என்றால் படித்தவுடன் புரிகிறது.

எலும்புக்கூடு நினைவுக்கு வருகிறதே, அது உள்ளே தாங்குவதல்லவா என்று கேட்கலாம். பாகங்களைத் தாங்கி நிற்கும் சேசிஸுக்குச் 'சட்டம்' என்ற சொல் தச்சர்களிடமே இருக்கிறது. சட்டத்தில் டிரான்ஸ்ஃபார்மரைத் திருகுங்கள், அப்புறம் கூட்டை மூடுங்கள்.