காசு கொடுக்கும் முன்னால் ரீசெட் போடுங்கள்

மறுபடியும் அதே கேஸ். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகனுக்காக ஒருவர் ஆன்லைன் விளம்பரம் பார்த்து செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கியிருக்கிறார். பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்கி, சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் மாடல். நல்ல பாடி, நல்ல கீபோர்ட், விலையும் சல்லிசு. இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. கொஞ்சம் ஸ்லோ ஆகிறதே என்று பையன் ரீசெட் போட்டிருக்கிறான். முடிந்ததும் திரையில் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் பெயர். கீழே ஆபீஸ் இமெயில், பாஸ்வேர்ட் கேட்கிறது. அதைத் தாண்டி எங்கேயும் போக முடியவில்லை. அப்பா மெஷினை எங்கள் லேப்டாப் ரிப்பேர் கடை மேஜையில் வைத்துவிட்டு, "தம்பி, இன்னொரு தடவை நல்லா ரீசெட் போட்டுக் குடுங்க, சரியாயிடும்" என்கிறார்.

ஆகாது. நூறு தடவை போட்டாலும் ஆகாது. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

ரீசெட் போட்டால் லேப்டாப் பெட்டியைப் பிரித்த நாளுக்கே திரும்பிவிடும், பழைய ஆளின் தடயம் எதுவும் மிஞ்சாது என்று ஊரே நம்புகிறது. ரீசெட் தொடுவது டிஸ்க்கில் இருப்பதை மட்டும்தான். அதிலும் பெரும்பாலும் சி டிரைவை மட்டும். இருக்கிற விண்டோஸை எடுத்துவிட்டு மறுபடி விண்டோஸ் போடும், அவ்வளவுதான். மதர்போர்டில் உட்கார்ந்து, விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் அடிப்படை புரோகிராம் பயாஸ்; அதன் பாஸ்வேர்ட் ரீசெட்டுக்குத் தெரியாது. எங்கேயோ சர்வரில் இருக்கும் பதிவும் தெரியாது. வீட்டுக்கு வெள்ளையடித்தால் பட்டாவில் பெயர் மாறிவிடுமா?

கம்பெனிகள் லேப்டாப் வாங்கும்போதே ஒவ்வொரு மெஷினின் ஹார்டுவேர் அடையாளத்தையும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் தங்கள் பெயரில் பதிந்துவிடுவது உண்டு. ஊழியர் மெஷினைத் திறந்து வைஃபையில் இணைத்ததும், இது இன்ன கம்பெனியுடையது என்று சர்வர் சொல்லும். ஆபீஸ் செட்டிங்ஸ் எல்லாம் தானாக இறங்கும். அவர்களுக்கு அருமையான வசதி. கழிக்கும்போது அந்தப் பதிவை நீக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டாலோ, மெஷின் திருட்டுப் போனதாக இருந்தாலோ பதிவு அப்படியே நிற்கும். டிஸ்க்கையே மாற்றிப் புது எஸ்எஸ்டி போட்டாலும் நிற்கும்.

அப்புறம் எப்படி இரண்டு மாதம் ஓடியது என்று கேட்பீர்கள். விண்டோஸ் அந்த சர்வரிடம் விசாரிப்பது முதல் செட்டப் நேரத்தில், அதுவும் இன்டர்நெட் இருந்தால்தான். விற்றவர் நெட் இல்லாமல் செட்டப்பை முடித்து, அந்த மெஷினுக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் அக்கவுன்ட் ஒன்று போட்டுக் கொடுத்திருப்பார். வீட்டு வைஃபையோடு பையன் ரீசெட் போட்டதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. "அப்ப நீங்களும் நெட் இல்லாம போட்டுக் குடுங்களேன்" என்பது அடுத்த கேள்வி. போடலாம். அடுத்த ரீசெட்டில் மறுபடி இங்கேதான் வந்து நிற்பீர்கள். மெஷினும் அதுவரை யாருடையது என்றே தெரியாது. அந்தக் கம்பெனியின் ஐடி பிரிவுக்கு சீரியல் எண்ணோடு எழுதிப் பாருங்கள். முறையாகக் கழித்த மெஷின் என்றால் பதிவை நீக்கிக் கொடுப்பார்கள். இல்லையென்றால் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பதுதான் வழி.

பயாஸ் பாஸ்வேர்ட் கதை இன்னும் மோசம். யூடியூப் பார்த்துவிட்டு, மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே வருகிறார்கள். பழைய டெஸ்க்டாப்பில் அந்த வித்தை பலித்தது. இன்றைய ஆபீஸ் லேப்டாப்களில் பாஸ்வேர்ட் இருப்பது கரன்ட் இல்லாவிட்டாலும் மறக்காத சிப்பில். பேட்டரியை ஒரு மாதம் கழற்றி வைத்தாலும் தேதியும் நேரமும்தான் போகும். சிப்பை ரீபுரோகிராம் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வாங்கிய பில் இல்லாமல் நான் அதில் கை வைப்பதில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவு வாங்கியவர் மீதும் பாயும்.

சமீபத்திய மேக்புக் என்றால் ஆக்டிவேஷன் லாக். பழைய உரிமையாளர், தொலைந்த மெஷினைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை'யை அணைக்காமல் கொடுத்திருந்தால், அழித்த பிறகு அவருடைய ஆப்பிள் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். குரோம்புக்கில் அதன் ரீசெட்டான பவர்வாஷ் போட்டாலும் பள்ளி, கம்பெனி பதிவுகள் போகாது.

ஆக, ரீசெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போடாதீர்கள். பணம் கைமாறும் முன்னால், விற்பவர் கண்ணெதிரே போடுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, ரீசெட் திஸ் பிசி. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்'. அடுத்து, விண்டோஸை நெட்டிலிருந்து இறக்கும் கிளவுடா, மெஷினில் இருப்பதை வைத்தே போடும் லோக்கலா என்று கேட்கும். அங்கே லோக்கல் போதும். கிளவுட் 4 ஜிபிக்கு மேல் டேட்டா இழுக்கலாம். சார்ஜர் செருகாமல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள், பழைய பேட்டரி பாதியில் காலை வாரிவிடும். எஸ்எஸ்டி இருந்தாலும் ஒரு மணி நேரம் ஆகலாம். ஒரு டீ குடியுங்கள்.

முடிந்ததும் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுங்கள். "நெட் எல்லாம் எதுக்கு சார், ஸ்கிப் பண்ணுங்க" என்று விற்பவர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கேட்டால் நல்லது. யாரோ ஒரு கம்பெனியின் பெயர் வந்தால் அந்த மெஷின் வேண்டாம். இன்னொன்று: ஆட்டோபைலட், வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் ஹோம் பதிப்பில் வேலை செய்யாது. ஆபீஸுக்கான ப்ரோ பதிப்போடு வர வேண்டிய மாடலில் ஹோம் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அப்படியே ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. பாஸ்வேர்ட் கேட்டால் வேண்டாம். செக்யூரிட்டி பகுதியில் அப்சலூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற, கம்பெனி தன் மெஷினைத் தூரத்திலிருந்தே கண்காணிக்கும் வசதி ஆக்டிவேட் ஆகியிருந்தால் அதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் முடிந்தால் 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கிப் புதிதாகப் போடுங்கள். லோக்கல் ரீசெட் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஃபைல்களை வைத்துத்தான் விண்டோஸைத் திருப்பிக் கட்டுகிறது. யாரோ கைவைத்த விண்டோஸை அப்படி நம்ப முடியாது. வைஃபையை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை முன்கூட்டியே பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கீ வாங்க ஓடாதீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு வந்த லேப்டாப்களில் கீ மதர்போர்டிலேயே இருக்கிறது. அதே பதிப்பைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். 'ஒரிஜினல் விண்டோஸ்' என்று தனியாகக் காசு கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்டெல் 7-வது தலைமுறை வரையிலான மெஷின்கள் இப்போது மலிவாக வருவதற்கும் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, 8-வது தலைமுறையிலிருந்து. 'ஐ7' ஸ்டிக்கர் தலைமுறையைச் சொல்லாது, அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று பெயர் இருந்தாலும் நீங்கள் மாற்றாத வரை அது விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டுமே அழிக்கும். நம் ஊர் லேப்டாப்பில் போட்டோவும் ஆதார் ஸ்கேனும் இருப்பதோ டி டிரைவில். யாருடைய கல்யாண ஆல்பத்தையோ, யாருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டையோ நான் ஏன் பார்க்க வேண்டும்? 'சேஞ்ச் செட்டிங்ஸ்' அழுத்தி, எல்லா டிரைவையும் அழிக்கச் சொல்லுங்கள். 'கிளீன் டேட்டா'வையும் ஆன் செய்யுங்கள். பழைய ஹார்ட்டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். அது இல்லாமல் அழித்தால் இலவச ரெக்கவரி சாஃப்ட்வேரிலேயே பாதி திரும்பி வந்துவிடலாம்.

கம்பெனி ஐடி பிரிவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: கழித்த மெஷின்களின் சீரியல் எண் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் ஆட்டோபைலட் அட்மின் பக்கத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அந்தப் பதிவை எங்கள் கடையில் யாராலும் நீக்க முடியாது, நீங்கள்தான் நீக்க வேண்டும்.